சிறுகனிமமும் சிறுமனிதரும்: செங்கல்பட்டுக் கல்குவாரிகளில் அரசின் கண்காணிப்பு

1

'கண்காணிப்பு' என்கிற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் தொடுகிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்த்தவன் கண்காணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முன்பணம் கொடுத்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனவனும் கண்காணிதான். பேச்சில் கங்காணி என்றானான். இன்று நாட்டின் சுரங்கத் துறையை அரசு மேற்பார்ப்பதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கொத்தடிமைகளைக் கண்டுபிடித்து விடுவிக்க மாவட்டந்தோறும் அமைக்கப்படும் குழுவுக்கும் 'கண்காணிப்புக் குழு' என்றுதான் பெயர். ஒரே சொல் இத்தனை இடத்தில் வேலை செய்யும்போது யார் கண், எதைக் காண்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான் வரலாறு படித்தவன் அல்ல. தமிழ் எம்.ஏ. சொற்களை வாசித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில்தான் மாவட்ட அரசிதழில் வரும் கல்குவாரி ஏல அறிவிப்புகளையும் ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினேன். ஊர், சர்வே எண், நிலத்தின் வகைப்பாடு, பரப்பு, குத்தகைக் காலம் என்று கட்டம் கட்டமாகப் போகும். அந்தக் கட்டங்களில் கல் இருக்கிறது, நிலம் இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை.

ஆள் இல்லாததை எனக்குச் சொல்லித் தந்தவர் ஓர் ஆயா. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய 8,000 ரூபாய்க்காகக் குடும்பத்தோடு ஒரு குவாரியில் பதினோரு வருஷம் கல் உடைத்தவர். தன் விடுதலைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தார். "அத்தினி வருசத்துல சர்க்கார் ஆளுங்க யாராச்சும் குவாரிக்கு வந்தாங்களா ஆயா?" என்று கேட்டேன். "ஏன் வரல தம்பி, ஜீப்புல வருவாங்க. லாரிய எண்ணுவாங்க, குழிய அளப்பாங்க, போயிருவாங்க. எங்கள எதுக்கு எண்ணப் போறாங்க?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடைமுறையைத்தான் சொன்னார். இந்தக் கட்டுரை அந்த நடைமுறைக்கு ஒரு வரலாறு எழுதிப் பார்க்கும் முயற்சி.

2

தொடக்கத்தைப் பல்லாவரத்தில் வைக்கலாம். அன்றைக்கு அது செங்கல்பட்டு ஜில்லா. 2019இல் மாவட்டம் மறுபடி பிரிந்த பிறகு இன்றைக்கும் செங்கல்பட்டு மாவட்டம்தான்.

1863 மே 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதக் கை செதுக்கிய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஃபுட் தொல்லியலுக்காக அனுப்பப்பட்டவர் அல்ல. 1851இல் தொடங்கப்பட்ட அந்தத் துறையின் முதன்மையான வேலை, காலனியின் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பது. அரசின் கண் முதன்முதலாக நம் பாறைகளை முறையாகப் பார்த்தது அப்போதுதான். அந்தக் கண் ஒரு கல்லில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய கையை அடையாளம் கண்டுகொண்டது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கிடைத்த இடம் ஒரு குழி. குழியைச் சிலர் தோண்டித்தான் இருக்க வேண்டும். 1863இன் அந்தக் கைகளைப் பற்றி நான் படித்த பாடப்புத்தகம் எதுவும் பேசியதில்லை.

அதற்கு முப்பது வருஷம் கழித்து, அதே துறையின் தாமஸ் ஹாலண்ட், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை வகைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கம்பெனியின் வணிகத் தளத்தை நிறுவி 1690களில் செத்துப்போன ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்துப் பாறை என்று கண்டதால் அந்தப் பெயர். இந்தச் சின்ன விவரத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே ஒருவன் தமர் அடித்து, ஆப்பு இறக்கிப் பிளந்த கல், கடல் வழியாகப் போய் இன்னொருவன் சமாதிக்கு மூடியாகிறது. இருநூறு வருஷம் கழித்து அந்தச் செத்தவன் பெயர் திரும்பி வந்து கல்லின் பெயராகிவிடுகிறது. உலகத்து நிலவியல் புத்தகங்களில் எல்லாம் அந்தப் பெயர்தான். பிளந்தவனின் ஊர்கூட அதில் இல்லை.

பெயரிடுவது அதிகாரத்தின் முதல் வேலை என்று ஃபூக்கோவை வாசித்தவர்கள் சொல்வார்கள். பல்லாவரத்துப் பாறைக்கு அது தெரிந்திருக்கும்.

3

பெயருக்கு அடுத்தது உடைமை. கல் யாருடையது?

செங்கல்பட்டுக் குவாரிகளில் பலவும் இருக்கும் நிலம் 'புறம்போக்கு'. வரிக் கணக்குக்குப் புறம்பாகப் போனது என்பதுதான் அதன் பொருள். மலை, பாறை, கல்லாங்குத்து, மேய்க்கால், சுடுகாடு எல்லாம் இதற்குள் அடங்கும். நம் பேச்சில் அது மனிதரைத் திட்டும் சொல்லாக மாறியது தற்செயல் அல்ல. கணக்குக்குப் புறம்பான நிலமும் கணக்குக்குப் புறம்பான ஆளும் ஒரே சொல்லில் வந்து சேர்கிறார்கள்.

1763இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதற்குப் பிறகு கம்பெனி அதிகாரிகளுக்குத் தீராத தலைவலி மிராசு உரிமை. மிராசுதார்கள், பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும், உழும் நிலத்துக்கு மட்டுமல்ல, கிராமத்தின் தரிசுக்கும் தாங்களே சொந்தக்காரர்கள் என்றார்கள். தமிழ்க்காரர்களுக்கு 'எல்லீசன்' என்று பழக்கமான எஃப். டபிள்யூ. எல்லிஸ் இந்த மிராசு உரிமையை விளக்கித்தான் தன் நீண்ட பதில்களை எழுதினார். 1818இல் அது அச்சாயிற்று. மிராசு இல்லாத ஒருவன் நிலத்தைப் பயிரிட்டால் மிராசுதாருக்கு ஒரு பங்கு தர வேண்டும். அந்தப் பங்குக்குச் 'சுவாமிபோகம்' என்று பெயர். சுவாமி என்றால் கடவுள் இல்லை, உடையவன். உடையவனின் அனுபவம். இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அது வேறு உடையில் திரும்பி வரும்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடிசை போட்ட இடம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, தரிசுக்கு மனுப் போட்டால் மிராசுதார்கள் குறுக்கே நிற்கிறார்கள் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட ஆணையும் பஞ்சமி நிலமும் வந்தன. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதை இங்கே விரிக்கத் தேவையில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையின் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். அந்த நூறு வருஷ வரலாற்றின் ஒரு முனை அது.

இன்னொரு முனை குவாரி. எந்தத் தரிசைக் கேட்டு மனுப் போட்டும் கிடைக்கவில்லையோ, அந்தத் தரிசின் பாறைக்கே நிலமற்றவன் முன்பணம் வாங்கிக்கொண்டு கூலியாகப் போய்ச் சேர்கிறான். நிலமாகக் கேட்டபோது மறுக்கப்பட்டது, கடனாக வந்து அவனைக் கூட்டிப்போகிறது. பஞ்சமி நிலத்தையும் கொத்தடிமையையும் நாம் தனித்தனிப் போராட்டங்களாக நடத்திக்கொண்டிருக்கிறோம். செங்கல்பட்டில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

சுதந்திரத்துக்குப் பிறகு மிராசுதாரின் இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது.

1952இன் சுரங்கச் சட்டம் தொழிலாளியின் உயிரைப் பற்றியது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1897இல் கோலார்த் தங்கச் சுரங்க விபத்தில் 52 பேர் செத்தார்கள். கோலாரில் வேலை செய்தவர்களில் ஏராளமானோர் வடஆற்காடு பக்கத்திலிருந்து போன தலித்துகள். இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகுதான் 1901இல் முதல் சுரங்கச் சட்டமும், 1902இல் சுரங்க ஆய்வு அலுவலகமும் வந்தன. இன்று தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் அதன் வாரிசு. ஆளைப் பார்க்கும் கண் ஒன்று அரசுக்கு வந்தது என்றால், அது நம்மவர்கள் செத்துக் கொடுத்த கண்.

ஆனால் 1952 சட்டத்தின் 3ஆம் பிரிவு அந்தக் கண்ணைப் பாதி மூடிவிட்டது. கட்டுமானக் கல், சாலை ஜல்லி, சரளை, மண் எடுக்கும் திறந்தவெளிக் குழி ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டாமலும், ஒரு நாளில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடி வைக்காமலும் இருந்தால் சட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாமல் இருந்தது. வெடி வைக்காத குவாரி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் விலக்கு என்று ஒரு கதவு இருந்தால், அதற்குத் தகுந்த மாதிரி பதிவேடு எழுதும் கையும் இருக்கும். மேஸ்திரியின் நோட்டில் கணவன் பெயர் மட்டும் இருந்து, மனைவியும் பிள்ளைகளும் பெயரே இல்லாமல் ஜல்லி உடைத்தால் ஐம்பது எப்போதும் ஐம்பதுதான்.

1957இன் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் இன்னொரு காரியம் செய்தது. கனிமங்களை இரண்டாகப் பிரித்தது. நிலக்கரி, இரும்பு போன்றவை பெரியவை, தில்லியின் பார்வையில் இருப்பவை. கட்டுமானக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவை 'சிறுகனிமம்'. சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் இவற்றுக்குப் பொருந்தா என்று 14ஆம் பிரிவு ஒதுக்கியது. விதி எழுதும் அதிகாரத்தை 15ஆம் பிரிவு மாநிலங்களிடம் விட்டது. நம் மாநிலத்தின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் வந்தன. குத்தகை தருபவர் மாவட்ட ஆட்சியர்.

எதை வைத்துச் சிறு? அளவை வைத்து இல்லை. சென்னையின் கட்டிடங்களையும் சாலைகளையும் கூட்டிப் பாருங்கள், எவ்வளவு மலை நகர்ந்திருக்கிறது என்று தெரியும். தேசத் தொழில்மயம் என்கிற பெருங்கதையாடலுக்குள் நிலக்கரிக்கும் இரும்புக்கும் இடம் உண்டு, ஜல்லிக்கு இல்லை என்பதால் சிறு. சிறுகனிமத்தை எடுக்கிறவனும் சிறுமனிதன் ஆனான். பிலாய் இரும்பாலைத் தொழிலாளி போஸ்டரில் வந்தான். ஜல்லி உடைக்கும் பெண் எந்தப் போஸ்டரிலும் வரவில்லை.

இந்த விதிகளின்படி குத்தகைக்காரர் எடுக்கும் கல்லுக்கு அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையின் பெயர் 'சீனியரேஜ்'. ஆபீசில் எல்லாரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல். நான் அகராதியைப் புரட்டினேன். பழைய பிரெஞ்சில் சீனியர் என்றால் நிலப்பிரபு. பிரபுவுக்குரிய பங்கு சீனியரேஜ். சுவாமிபோகம்! சொல்லுக்குச் சொல் அதேதான். குடியரசு தன் கல்லுக்கு வாங்கும் காசுக்கு, தெரிந்தோ தெரியாமலோ, மிராசுதார் வாங்கிய பங்கின் பெயரையே வைத்திருக்கிறது.

1977 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 8-சி என்ற விதியைக் கொண்டுவந்து, கறுப்பு கிரானைட்டைத் தனியாருக்குக் குத்தகை விடுவதில்லை, அரசு நிறுவனம்தான் எடுக்கும் என்றது. ஹிந்த் ஸ்டோன் வழக்கு. உயர்நீதிமன்றம் விதியைத் தள்ளியது. 1981 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பில், அதை நிலைநிறுத்தியது. கனிமங்கள் தேசத்தின் பொதுச் செல்வம், ஒரு தலைமுறை தின்றுதீர்க்க முடியாது என்பது அதன் நியாயம். இடதுசாரிகளான நாம் எல்லாரும் கைதட்டக்கூடிய தீர்ப்பு. நானும் தட்டுகிறேன். ஆனால் பொதுச் செல்வம் என்று கல்லுக்குச் சொன்ன அரசு, அதை உடைக்கும் கைக்கு என்ன சொல்லியது? பொதுத்துறை வந்தும் கல் எடுக்க ஒப்பந்தக்காரர்தான் வந்தார். அவருக்குக் கீழே மேஸ்திரி. மேஸ்திரியின் கையில் முன்பணம். உடையவன் மாறினான், கங்காணி மாறவில்லை.

5

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி கடன் ரத்து, ஆள் விடுதலை. பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. கண்காணிப்புக் குழு அவருக்குத் துணை. அதாவது, குவாரிக்குக் குத்தகை கையெழுத்திடுகிறவரும் குவாரியில் கொத்தடிமை இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியவரும் ஒரே ஆள். ஒரே மேசையில் இரண்டு கோப்புகள். ஒரு கோப்பில் கல், ஒரு கோப்பில் ஆள். ஒரு கோப்பு இன்னொன்றை வாசிப்பதில்லை.

சட்டத்தைக் கல்குவாரிக்குள் கொண்டுபோனது ஹரியானாவின் ஃபரீதாபாத் குவாரிகளைப் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு. அந்த மாநில அரசு, கட்டாய உழைப்பு இருக்கலாம், ஆனால் கடன் இருப்பதை நிரூபித்தால்தான் கொத்தடிமை என்று வாதாடியது. நீதிபதி பகவதி 1983 டிசம்பர் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. கட்டாய உழைப்பு இருந்தாலே முன்பணம் இருப்பதாக அனுமானிக்கலாம், இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு என்றார். குவாரியில் சுரங்கச் சட்டமும் நடைமுறைக்கு வர வேண்டும் என்றார்.

நம் மாநிலத்திலோ, பி.யூ.சி.எல். 1985இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையர்கள் 1995 அக்டோபரில் அறிக்கை தந்தார்கள். தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் என்றது அறிக்கை. பிறகு அரசுத் தரப்பின் கணக்கெடுப்பில் அது ஆயிரங்களாகச் சுருங்கியது. ஒரே மாநிலம், ஒரே சட்டம், இத்தனை வித்தியாசம். கல்லைப் பற்றி இப்படி ஒரு வித்தியாசம் வந்திருந்தால் கோட்டையே அதிர்ந்திருக்கும்.

உண்மையில் அதிர்ந்தது. 2012இல் மதுரை ஆட்சியர் உ. சகாயம் மேலூர் பக்கத்துக் கிரானைட் குவாரிகளைப் பற்றி அரசுக்கு எழுதிய கடிதத்தில் 16,000 கோடி ரூபாய் இழப்பு என்றார். 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. தனி மனிதராக அவர் காட்டிய துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த விவாதம் முழுக்க ஒரே சொல்லைச் சுற்றித்தான் நடந்தது: 'அரசுக்கு இழப்பு'. உடையவனுக்கு வர வேண்டிய பங்கு வரவில்லை என்பதுதான் ஊழல். உடைத்தவனுக்கு வராமல் போன கூலி எந்த ஊழல் கணக்கிலும் சேர்வதில்லை.

6

மாமல்லபுரத்தில் இந்தப் பார்வை இன்னொரு உருவம் எடுக்கிறது. அங்கே முடிக்காமல் விட்ட பாறைகளில் ஆப்பு இறக்க வெட்டிய குழிகள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன. பல்லவர் காலச் சிற்பத்தை விட எனக்கு அந்தக் குழிகள்தான் கிட்ட வந்து பேசுகின்றன. 1984இல் அந்த ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1992 ஜூனில் மத்திய அரசு, நாடு முழுக்கப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கல்லெடுக்கவோ கட்டவோ கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. 2010இல் அதுவே சட்டத்துக்குள் போயிற்று. நல்ல ஏற்பாடு. செத்த கைகள் செய்த வேலையைச் சுற்றி அரசு ஒரு வட்டம் போட்டுக் காவல் நிற்கிறது.

வட்டத்துக்கு வெளியே வாருங்கள். 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கிறது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தெருவெல்லாம் பட்டறை. உளி போய்க் கட்டர் மெஷின் வந்த பிறகு வெள்ளைத் தூசி நாளெல்லாம் பறக்கிறது. கருங்கல் தூசியில் சிலிக்கா உண்டு. நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், மீளாத நோய். சுரங்கச் சட்டத்தின் கீழ் அது அறிவிக்கப்பட்ட தொழில்நோயாக இருந்தது. பட்டறை சுரங்கம் இல்லையே! கல்லின் வழியைத் தொடர்ந்து போனால் இப்படித்தான், ஆள் ஒரு சட்டத்திலிருந்து விழுந்து இன்னொரு சட்டத்துக்கு எட்டாமல் நடுவில் கிடப்பான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுதாமூரிலிருந்து போன கல்லில்தான் 2000 ஜனவரி 1இல் திறந்த குமரி வள்ளுவரின் 133 அடியில் ஒரு பகுதி நிற்கிறது. ஸ்தபதியின் பெயர் நமக்குத் தெரியும். தெரிய வேண்டியதுதான். சிறுதாமூரில் அந்தக் கல்லைப் பெயர்த்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நானும் தலைகுனிய வேண்டியவன்.

7

கடைசியாக ஒரு தீர்ப்பு. 2024 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கனிமத்துக்குக் கட்டும் ராயல்டி வரி அல்ல என்றது. கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்காரர் குத்தகை விட்டவருக்குத் தரும் ஈடு அது. வரி போடும் உரிமை மாநிலத்துக்குத் தனியாக உண்டு. 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வழக்கு நம் மாநிலத்தின் ஊராட்சிச் சட்டத்திலிருந்து கிளம்பியது என்பது கவனிக்கத்தக்கது. புதிய தீர்ப்பின் பலத்தில் தமிழ்நாடு அரசு கனிம நிலத்துக்கு வரி விதிக்கும் சட்டம் கொண்டுவந்து 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது.

மாநில உரிமை என்ற கோணத்தில் எல்லாரும் இதைக் கொண்டாடினார்கள். நான் வேறு கோணத்தில் வாசிக்கிறேன். ராயல்டி வரி இல்லை, குத்தகை ஈடு என்றால், புறம்போக்குக் குவாரியில் அரசு வெறும் மேற்பார்வையாளர் அல்ல. அரசு நிலத்துக்காரர். நிலத்துக்காரர் தன் நிலத்தில் ஆள் கட்டிப்போடப்பட்டிருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? தனியார் குற்றத்தை அரசு கவனிக்கத் தவறியது என்ற மொழியில்தான் நாம் இதுவரை மனு எழுதியிருக்கிறோம். அந்த மொழியை மாற்ற வேண்டும். தன் நிலத்தில், தான் கையெழுத்திட்ட குத்தகையில், தான் பங்கு வாங்கிய கல்லில் நடந்த கொத்தடிமைக்கு அரசும் ஒரு தரப்பு.

அப்படிப் பார்த்தால் நம் கோரிக்கைகளும் மாறும். இப்போது நடைச்சீட்டு கம்ப்யூட்டரில் வருகிறது. குழியின் கன அளவை டிரோன் விட்டு அளக்க முடிகிறது. லாரி லாரியாகக் கல்லுக்கு எண் இருக்கிறது. அதே சீட்டோடு அன்றைக்கு அந்தக் குவாரியில் வேலை செய்தவர்களின் பட்டியலும், பெண்கள் பெயரும் சேர்த்து, வாங்கிய முன்பணமும் கொடுத்த கூலியும் ஏன் இணைக்கப்படக் கூடாது? கொத்தடிமை கண்டுபிடிக்கப்பட்ட குவாரியின் குத்தகை ஏன் அன்றைக்கே ரத்தாகக் கூடாது? சீனியரேஜில் ஒரு பங்கு விடுவிக்கப்பட்டவர்களுக்கு, உதவித்தொகையாக இல்லாமல், கூலிப் பாக்கியாக ஏன் போகக் கூடாது? சட்டத்துக்குப் புதிது ஒன்றுமில்லை. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கோப்புகளை ஒரே நூலில் கட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

போன மாசம் அந்த ஆயாவை மறுபடி பார்த்தேன். அவர் வேலை செய்த குவாரி மூடிப் பல வருஷமாகிறது. குழியில் தண்ணீர் நிற்கிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது அவருக்குப் பெரிய வேலை. "அந்தக் குழி எத்தினி அடின்னு ஆபீசுல இருக்குமா தம்பி?" என்று கேட்டார். இருக்கும் ஆயா என்றேன். "எங்க பேரு?" என்றார்.